நிலத்தின் பழைய கணக்கு: கிரயத்துக்கு முன் சுற்றுச்சூழல் தள மதிப்பீடு செய்வது எப்படி?

1953 ஏப்ரலில் நயாகரா ஃபால்ஸ் நகரப் பள்ளி வாரியம் ஒரு நிலத்தை ஒரே ஒரு டாலருக்கு வாங்கியது. விற்றது ஹூக்கர் கெமிக்கல் என்ற நிறுவனம். 1942 தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள், சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவை அங்கிருந்த பழைய கால்வாய்ப் பள்ளத்தில் கொட்டி, மேலே களிமண் போட்டு மூடியிருந்தார்கள். இதை யாரும் மறைக்கவில்லை. கழிவு இருப்பதும், பின்னால் யாருக்கு என்ன நேர்ந்தாலும் விற்றவரைக் கேட்கக்கூடாது என்பதும் பத்திரத்திலேயே எழுதியிருந்தன. பள்ளிக்கூடம் கட்டினார்கள், சுற்றி வீடுகள் வந்தன. 1978 ஆகஸ்டில் லவ் கெனால் பகுதியில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

அதன் விளைவாக 1980இல் வந்ததுதான் சூப்பர்ஃபண்ட் என்று அழைக்கப்படும் அமெரிக்கச் சட்டம். மாசுபடுத்தியவரோடு, நிலத்தை இப்போது வைத்திருப்பவரையும் அது பொறுப்பாக்குகிறது. நேற்றுதான் வாங்கினேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் எடுபடாது. 1986இல் வந்த திருத்தமும் 2002இல் வந்த இன்னொரு சட்டமும் வாங்குபவருக்கு ஒரு வழிவிட்டன: வாங்குமுன் உரிய விசாரணை செய்திருந்தால் பாதுகாப்பு கோரலாம். சுற்றுச்சூழல் தள மதிப்பீடு, அதாவது நிலத்தில் மாசு உண்டா என்று வாங்குமுன் விசாரிக்கும் வேலை, இன்று உள்ள வடிவத்தில் தனித் தொழிலாக வளர்ந்தது பெரும்பாலும் இந்த வழியை நம்பித்தான். தரமுறைகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏஎஸ்டிஎம் 1993இல், துளையிடாமல் ஆவணங்களையும் களத்தையும் மட்டும் பார்க்கும் முதல் கட்ட மதிப்பீட்டுக்கான தரமுறையை வெளியிட்டது. இப்போது நடப்பில் இருப்பது இ1527-21 என்ற அதன் பதிப்பு. உலக அளவில் ஐஎஸ்ஓ 14015 என்ற தரமுறை இருக்கிறது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறினாலும், மண்ணை விசாரிக்கும் முறை பெரிதாக மாறுவதில்லை. ஆகவே கீழே சொல்லும் வரிசை எங்கும் பொருந்தும். சட்ட நுணுக்கத்துக்கு மட்டும் உள்ளூர் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

படி 1: உங்கள் பரிவர்த்தனைக்கு இது தேவையா?

தொழிற்சாலை, கிடங்கு, பெட்ரோல் பங்க், வணிக வளாகம், பெரிய காலிமனை ஆகியவற்றுக்குத் தேவை; இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஏமாற்றுபவை வேறு வகை. கீழ்த்தளத்தில் எப்போதோ உலர்சலவைக் (டிரை கிளீனிங்) கடை இருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று. பழத்தோட்டமாக இருந்து வீட்டுமனையாக மாறிய நிலம் இன்னொன்று. 1940களின் இறுதியில் டிடிடி பரவலாகும்வரை ஆப்பிள் தோட்டங்களில் ஈய ஆர்சனேட் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். ஈயமும் ஆர்சனிக்கும் மக்கிப் போகாதவை, இன்றும் மேல்மண்ணிலேயே கிடக்கும். பச்சைப் பசேலென்று இருக்கும் நிலம் என்பதால் சுத்தமான நிலம் என்று ஆகிவிடாது.

விற்பனை மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். நீண்டகாலக் குத்தகை, அடமானம், நிறுவனங்கள் இணைவது, பங்குகளை வாங்கி நிறுவனத்தையே கைப்பற்றுவது, பாகப்பிரிவினை என எல்லாவற்றிலும் நிலத்தின் பொறுப்பு கை மாறுகிறது. பங்குகளை வாங்கும்போது நிலம் அதே நிறுவனத்தின் பெயரிலேயே தொடர்வதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பழைய பொறுப்பு முழுவதுமாக உள்ளே வருவது அங்கேதான்.

சில இடங்களில் கைமாற்றமே சட்டக் கடமையைக் கிளப்பும். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் நிலம் கை மாறும்போதெல்லாம் மண் சான்றிதழ் வேண்டும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குறிப்பிட்ட தொழில் வகைகளில் இருக்கும் நிறுவனம் நிலத்தை விற்றாலும் தொழிலை மூடினாலும் விசாரணையும் தேவையான சுத்திகரிப்பும் கட்டாயம். 1983இல் தொடங்கிய ஏற்பாடு அது. உங்கள் பகுதியில் அப்படி ஏதும் உண்டா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். பதிவு நாளன்று தெரியவந்தால் எல்லாம் நின்றுவிடும்.

படி 2: முதலில் ஒப்பந்தத்தில் நாள் வாங்குங்கள்

மதிப்பீட்டில் பெரும்பாலான சிக்கல்கள் மண்ணிலிருந்து வருவதில்லை, காலண்டரிலிருந்து வருகின்றன. முன்பணம் கொடுத்து, திரும்பப் பெற முடியாத தேதியும் தாண்டியபின் ஆலோசகரைத் தேடுகிறார்கள். அறிக்கையில் கெட்ட செய்தி வந்தாலும் அப்போது அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

முதல் கட்டம் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். துளையிட்டு மாதிரி எடுக்கும் இரண்டாம் கட்டத்துக்கு மேலும் ஒன்று முதல் இரண்டு மாதம் ஆகலாம். இரண்டுக்கும் சேர்த்து விசாரணைக் காலம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அதில் திருப்தி இல்லையென்றால் முன்பணத்தோடு விலகும் உரிமையும் இருக்கட்டும். கூடவே மூன்று ஷரத்துகள்: துளையிட அனுமதி உண்டா, முடிவுகளை யார் யாருக்குக் காட்டலாம், விற்பவர் கையில் இருக்கும் பழைய அறிக்கைகளை எத்தனை நாளுக்குள் தரவேண்டும்.

முதல் கட்டத்துக்கு மறுப்பு சொல்லாத விற்பவர்கள்கூடத் துளையிடுவது என்றால் தயங்குவார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. மாசு கண்டுபிடிக்கப்பட்டால் அரசுக்குத் தெரிவிக்கும் கடமை பல இடங்களில் அவர் தலையில் விழும்; நீங்கள் வாங்காமல் போனாலும் அந்தத் தகவலோடு அவர்தான் வாழவேண்டும். இதை முன்கூட்டியே பேசித் தீர்த்தால் நடுவழியில் கேட்டை மூடமாட்டார்.

படி 3: யாரை அமர்த்துவது, யார் பெயரில் அறிக்கை

அமெரிக்க விதிப்படி இதற்குத் தகுதியான நிபுணர் என்றால் உரிமம் பெற்ற பொறியாளரோ புவியியலாளரோ மூன்றாண்டு அனுபவத்துடன் இருக்கவேண்டும். அல்லது அறிவியல், பொறியியல் பட்டத்துடன் ஐந்தாண்டு. பட்டம் இல்லாவிட்டால் பத்தாண்டு. உங்கள் நாட்டில் இப்படி விதி இல்லாவிட்டாலும் இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். களத்துக்கு நேரில் வருபவர் யார், அறிக்கையில் கையெழுத்திடுபவர் யார் என்று கேளுங்கள். இருவரும் வேறு வேறு என்றால் கையெழுத்திடுபவர் எவ்வளவு வேலையைப் பார்த்தார் என்றும் கேளுங்கள். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

விற்பவர் தயாராக வைத்திருக்கும் அறிக்கையை இலவசமாகக் கொடுப்பார். வாங்கிப் படியுங்கள், பழைய தகவல்களுக்கு அது நல்ல சுரங்கம். ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள். அந்த ஆலோசகர் உங்களுக்குக் கடமைப்பட்டவர் அல்லர். புதிய அறிக்கை உங்கள் பெயரிலும், கடன் தரும் வங்கியின் பெயரிலும், நிலத்தை வாங்கவிருக்கும் நிறுவனத்தின் சரியான சட்டப் பெயரிலும் இருக்கவேண்டும். கடைசி நேரத்தில் புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் கிரயம் செய்தால், அறிக்கையை அந்தப் பெயருக்கும் நீட்டித்து ஆலோசகரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

கட்டணத்தில் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருந்தால், மலிவானவர் எதையோ விடுகிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் விடுபடுவது வரலாற்று ஆராய்ச்சி.

படி 4: முதல் கட்டம்

இதில் துளையிடுவது கிடையாது, மாதிரி எடுப்பது கிடையாது. ஆவணங்கள், நேரடிப் பார்வை, விசாரிப்பு, அறிக்கை; இவ்வளவுதான். மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இது துப்பறியும் வேலை.

*வரலாறு.* தரமுறையின்படி நிலம் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த காலம் அல்லது 1940, இவற்றில் எது முந்தியதோ அதுவரை பின்னோக்கிப் போகவேண்டும். வான்வழிப் புகைப்படங்கள், தீக்காப்பீட்டு வரைபடங்கள், நகர முகவரிப் புத்தகங்கள், நில அளவை வரைபடங்கள் ஆகிய நான்கும் முக்கிய ஆதாரங்கள். அமெரிக்காவில் சான்போர்ன் நிறுவனம் 1867 முதல் வரைந்த தீக்காப்பீட்டு வரைபடங்களில் எண்ணெய்த் தொட்டிகளும் கொதிகலன்களும் எங்கே இருந்தன என்பதுகூடக் குறிக்கப்பட்டிருக்கும். தீப்பிடிக்கக்கூடிய பொருள் எங்கிருக்கிறது என்பது காப்பீட்டுக்காரருக்குத் தேவைப்பட்டது. நூறு ஆண்டு கழித்து அதே குறிப்பு நமக்குப் பயன்படுகிறது. இத்தகைய வரைபடம் கிடைக்காத நாடுகளில் பழைய செயற்கைக்கோள் படங்கள், வரி ஆவணங்கள், தொழிற்சாலை உரிமங்கள், தாய்ப்பத்திரம்வரை நீளும் பத்திரச் சங்கிலி ஆகியவற்றை வைத்து அந்த இடைவெளியை நிரப்பலாம். பத்திரத்தில் விற்றவர் பெயர் ஒரு சாயக் கம்பெனியாகவோ பேட்டரி கம்பெனியாகவோ இருந்தால் அங்கேயே நின்று விசாரிக்கவேண்டும்.

எந்தத் தொழில்களைப் பார்த்தால் உஷாராக வேண்டும்? பெட்ரோல் பங்க், மெக்கானிக் ஷெட், உலர்சலவை, மின்முலாம் பூசும் பட்டறை, தோல் பதனிடுதல், சாயப்பட்டறை, அச்சகம், பேட்டரி உருக்குதல், பூச்சிக்கொல்லிக் கிடங்கு, மரம் மக்காமலிருக்கக் கிரியோசோட் எண்ணெய் ஏற்றிய இடம், நிலக்கரியிலிருந்து எரிவாயு தயாரித்த பழைய ஆலை, குப்பை நிரப்பிய பள்ளம். இதில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தடயம் வைத்திருக்கும். முலாம் பட்டறை என்றால் குரோமியமும் சயனைடும், உலர்சலவை என்றால் பெர்குளோரோஎத்திலீன் எனும் கரைப்பான், பழைய எரிவாயு ஆலை என்றால் தார்.

*அக்கம்பக்கம்.* மாசு வேலியைப் பார்த்து நிற்பதில்லை. நிலத்தடி நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து அண்டை நிலம்தான் முக்கியம். சரிவில் உங்களுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் கவலைக்குரியதல்ல. அமெரிக்கத் தரமுறை, மிக மோசமான மாசுத் தளங்களை ஒரு மைல் சுற்றளவுக்கும், கசிந்த எரிபொருள் தொட்டிகளை அரை மைல் சுற்றளவுக்கும் அரசுப் பதிவேடுகளில் தேடச் சொல்கிறது.

*நேரடிப் பார்வை.* ஆலோசகரோடு நீங்களும் போங்கள். சுவரோரம் எதற்கென்று தெரியாமல் நிற்கும் காற்றுக்குழாய் தரைக்கடியில் தொட்டி இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். கான்கிரீட் தளத்தில் நீள்சதுரமாக ஒட்டுப்போட்ட இடம், எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாத தரைவடிகால், செடி முளைக்காத திட்டு, எண்ணெய்க் கறை, புதிதாகக் கொட்டி நிரவிய மண், பழைய டிரான்ஸ்ஃபார்மர், ஒரு மூலையில் மட்டும் வரும் வாடை, இவை எல்லாம் குறிப்பேட்டில் ஏறவேண்டும். பூட்டிக் கிடக்கும் அறையை ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்று சொன்னால் திறக்கச் சொல்லுங்கள். திறக்காவிட்டால் பார்க்க முடியவில்லை என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

*விசாரிப்பு.* உரிமையாளருக்குத் தெரிந்ததைவிட அங்கே இருபது வருடம் வேலை பார்த்த காவலாளிக்கோ மேஸ்திரிக்கோ அதிகம் தெரியும். கழிவு எண்ணெயை எங்கே ஊற்றுவீர்கள் என்று நேராகக் கேட்டால் பதில் வராது. ‘மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும், அப்போது என்ன செய்வீர்கள்?’ என்று ஆரம்பித்தால் கதை தானாக வரும்.

*உங்கள் பங்கு.* வாங்குபவர் பதில் சொல்லவேண்டிய கேள்விகளும் உண்டு. நிலத்தின்மீது சுத்திகரிப்புச் செலவுக்கான கடன்பற்று (செலவை நிலத்திலிருந்தே வசூலிக்கும் உரிமை) ஏதாவது இருக்கிறதா, பயன்பாட்டுக் கட்டுப்பாடு இருக்கிறதா, இந்தத் தொழிலைப் பற்றி உங்களுக்குச் சிறப்பு அறிவு உண்டா, விலை சந்தை மதிப்பைவிடக் குறைவாக இருக்கிறதா, இருந்தால் ஏன்? கடைசிக் கேள்வியைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். மலிவாகக் கிடைக்கும் நிலத்துக்கு ஒரு காரணம் இருக்கும், அதை நீங்கள் யோசித்துப் பார்த்தீர்களா என்பதுதான் சட்டத்தின் கேள்வி.

படி 5: அறிக்கையை வாசிப்பது

சுருக்கத்தை மட்டும் படித்து மூடிவிடாதீர்கள். முதலில் கண்டறிதல்களுக்குப் போங்கள். நான்கு வகை வரும். மாசு இருப்பதற்கான, இருக்க வாய்ப்புள்ளதற்கான அறிகுறி முதல் வகை. மேற்கொண்டு விசாரிக்கவேண்டியது இது. சுத்திகரித்தபின் மீதம் இருந்தும் கட்டுப்பாட்டோடு விடப்பட்டது இரண்டாவது. நிபந்தனையின்றி முழுமையாகத் தீர்க்கப்பட்ட பழைய மாசு மூன்றாவது. அற்பம் என்று ஒதுக்கப்படுவது நான்காவது. இரண்டாவது வகைதான் வாங்குபவரைப் பிற்பாடு கடிக்கும். ‘தீர்ந்துவிட்டது’ என்பார்கள், ஆனால் குடியிருப்பு கட்டக்கூடாது, நிலத்தடி நீர் எடுக்கக்கூடாது, கான்கிரீட் மூடியை உடைக்கக்கூடாது என்ற நிபந்தனை ஒட்டியிருக்கும். நீங்கள் கட்ட நினைப்பது அந்த நிபந்தனைக்குள் வருமா என்று பாருங்கள்.

பிறகு தகவல் இடைவெளிகள் என்ற பகுதி. இதை யாரும் படிப்பதில்லை. நான் தவறாமல் படிப்பது இதைத்தான். 1958 முதல் 1975 வரை என்ன நடந்தது என்று தெரியவில்லை என ஓர் அறிக்கை சொல்கிறது என்று வையுங்கள். அந்த நிலத்தில் தொழில் நடந்ததே அந்தப் பதினேழு ஆண்டுகளில்தான் என்றால், ‘அறிகுறி ஏதுமில்லை’ என்ற முடிவுக்கு என்ன மதிப்பு? முதல் கட்ட அறிக்கை மண் சுத்தம் என்று சான்று தருவதே இல்லை. தேடிய இடங்களில் இவ்வளவுதான் கிடைத்தது என்று மட்டுமே சொல்கிறது.

ஆயுளையும் கவனியுங்கள். அமெரிக்க விதியில் விசாரிப்பு, பதிவேட்டுத் தேடல், களப்பார்வை, கடன்பற்றுத் தேடல், நிபுணரின் உறுதிமொழி ஆகிய ஒவ்வொன்றும் உரிமை கைமாறும் நாளுக்கு முந்திய 180 நாட்களுக்குள் செய்யப்பட்டிருக்க வேண்டும். அறிக்கையின் அட்டையில் உள்ள தேதியைப் பார்க்காதீர்கள். அவற்றில் எது முதலில் செய்யப்பட்டதோ அந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

கடைசியாக, அறிக்கையின் எல்லைக்கு வெளியே நிற்பவை. கல்நார், ஈய வர்ணம், ரேடான், பூஞ்சை, ஈரநிலம் ஆகியவை வழக்கமான முதல் கட்டத்தில் அடங்காது. வேண்டுமென்றால் தனியாகக் கேட்டுச் சேர்க்கவேண்டும். பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறீர்கள் என்றால் கல்நார் ஆய்வு இல்லாமல் நகராதீர்கள். ‘நிரந்தர ரசாயனங்கள்’ என்று பேசப்படும் பிஃபாஸ் வகையும் வெளியேதான் இருந்தது. அவற்றில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டும் 2024 ஜூலையில் சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் கீழ் அபாயப் பொருள்களானதால் இப்போது உள்ளே வந்துவிட்டன. தீயணைப்பு நுரையைப் பயன்படுத்திய பயிற்சித் திடல்கள், விமானத் தளங்கள் அருகில் இருந்தால் நேரடியாகவே கேளுங்கள்.

படி 6: இரண்டாம் கட்டம்

இப்போதுதான் துளை. ‘நாலு மூலையிலும் நடுவிலும் ஒன்று’ என்று துளையிடுவது காசைக் கரியாக்கும் வேலை. பொருள் எது, எங்கே சிந்தியிருக்கும், எந்த வழியாகப் போயிருக்கும், யாரைத் தொடும் என்ற ஒரு படத்தை முதலில் வரையச் சொல்லுங்கள். துளைகளின் இடமும் ஆழமும் அந்தப் படத்திலிருந்து வரவேண்டும்.

பொருளின் குணம் ஆழத்தைத் தீர்மானிக்கும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது; நிலத்தடி நீர் மட்டத்தில் மிதந்து பரவும். பெர்குளோரோஎத்திலீனின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.6 மடங்கு. நீர்மட்டத்தைத் தாண்டி மூழ்கி, களிமண் அடுக்கு தடுக்கும் இடத்தில்தான் தேங்கும். உலர்சலவைக் கடை இருந்த இடத்தில் நீர்மட்டத்தோடு நிறுத்திய துளை, நிம்மதியான அதே சமயம் தவறான முடிவைத் தரும். அந்தக் கரைப்பான் மண்ணுக்குள் சிதையும்போது டிரைகுளோரோஎத்திலீனாகவும், பிறகு படிப்படியாக வினைல் குளோரைடாகவும் மாறும். அமெரிக்கக் குடிநீர் வரம்பு முதலிரண்டுக்கும் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், வினைல் குளோரைடுக்கு 2. தாயைவிடப் பிள்ளை கொடியது. ஆய்வகப் பட்டியலில் சிதைவுப் பொருள்களும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். இரண்டை வைத்துச் சொல்லப்படும் திசை ஊகம். ஆவியாகும் கரைப்பான் அல்லது பெட்ரோல் சந்தேகம் இருந்து மேலே கட்டடமும் இருந்தால், தரைத்தளத்துக்கு அடியில் மண்காற்றையும் சோதிக்கவேண்டும். மண்ணிலும் நீரிலும் குறைவாகத் தெரிந்தாலும் ஆவி விரிசல் வழியே அறைக்குள் ஏறும்.

மாதிரி எடுக்கும்போது நேரில் நிற்க முடிந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

- ஆவியாகும் பொருள்களுக்கான தண்ணீர், 40 மில்லி குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பப்படவேண்டும். சுமார் 4 டிகிரியில் குளிர்ந்து போகவேண்டும்.
- ஆவியாகும் பொருள்களுக்கான மண்ணைப் பல துளைகளிலிருந்து எடுத்து வாளியில் கலக்கக்கூடாது. கலக்கும்போதே தேடும் பொருள் காற்றில் போய்விடும்.
- ஒப்பிட்டுச் சரிபார்க்க அதே இடத்தில் எடுத்த இரட்டை மாதிரியும், வழியில் மாசு கலந்ததா என்று அறியச் சுத்தமான நீரோடு களத்துக்குப் போய்வந்த வெற்று மாதிரியும் உண்டா? குப்பி கைமாறிய ஒவ்வொரு முறையும் கையெழுத்து, நேரம் உண்டா?

முடிவுகள் வந்ததும் ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரிகளைப் பார்த்து மகிழ்வதற்கு முன், ஆய்வகத்தின் அளவீட்டு வரம்பைப் பாருங்கள். வினைல் குளோரைடுக்கு வரம்பு 2 ஆக இருக்க, ஆய்வகத்தால் 5க்குக் கீழே அளக்க முடியாது என்றால் அந்த வரி எதையும் நிரூபிக்கவில்லை. ஒப்பிடும் அளவுகோலும் சரியானதா? தொழிற்பேட்டைக்கான வரம்பில் தேறிய மண், நீங்கள் கட்டப்போகும் குடியிருப்புக்குத் தேறாமல் போகலாம்.

படி 7: மாசு இருக்கிறது, இனி?

உடனே ஓடவேண்டியதில்லை. எவ்வளவு பரப்பு, எவ்வளவு ஆழம், சுத்தம் செய்ய எவ்வளவு என்று தெரிந்த மாசு ஒரு செலவு மட்டுமே, விலையில் கழித்துக்கொள்ளலாம். எல்லை தெரியாத மாசுதான் பயப்படவேண்டியது. குறிப்பாக நிலத்தடி நீரில் இறங்கி அண்டை நிலத்துக்குப் போயிருந்தால், செலவுக்கு மேல்வரம்பே கிடையாது. அந்த நிலையில் விலகிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வாங்குவது என்றால் வழிகள் பல. விற்பவரே கிரயத்துக்கு முன் சுத்தம் செய்து அரசின் நிறைவுக் கடிதம் வாங்கித் தரலாம். விலையின் ஒரு பகுதியை மூன்றாம் நபரிடம் நிறுத்திவைத்து, வேலை முடிய முடிய விடுவிக்கலாம். மாசுள்ள மூலையைத் தனிப் பிரிவாக்கி விற்பவரிடமே விட்டுவிடலாம். மாசுப் பொறுப்புக் காப்பீடும் உண்டு, ஆனால் ஏற்கெனவே தெரிந்த மாசை அது பொதுவாக ஏற்காது. இழப்பீட்டு உறுதிமொழியைப் பொறுத்தவரை, அதைத் தருபவரின் சொத்தே அதன் பலம். இந்த ஒரே நிலத்துக்காகத் தொடங்கி, விற்றதும் கலைக்கப்படும் நிறுவனத்தின் உறுதிமொழி வெறும் தாள்.

படி 8: கைக்கு வந்த பிறகு

அமெரிக்கச் சட்டத்தில், மாசு தெரிந்தே வாங்கியவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு கிரயத்தோடு முடிவதில்லை. கசிவு தொடர்ந்தால் நிறுத்த நியாயமான நடவடிக்கை எடுக்கவேண்டும், அதிகாரிகளுக்கு ஒத்துழைக்கவேண்டும், பயன்பாட்டுக் கட்டுப்பாடுகளை மீறக்கூடாது. தவறினால் பாதுகாப்பு போய்விடும். வேறு நாடுகளிலும் நீதிமன்றத்தில் கேட்கப்படும் கேள்வி இதேதான்: தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்?

அறிக்கையைக் கட்டுமான ஒப்பந்ததாரரிடம் கொடுங்கள். அஸ்திவாரம் தோண்டி வெளியேற்றும் மண் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பது அதில் இருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு விடுவதாக இருந்தால், குத்தகைதாரர் நுழையும் நாளன்றைய மண் நிலை ஆவணமாக இருக்கட்டும்; அவர் கிளம்பும்போது ஒப்பிட அது ஒன்றுதான் ஆதாரம். துளைகளின் ஆயத்தொலைவுகளையும் ஆய்வகத்தின் மூலத் தரவுகளையும் ஆலோசகரிடமிருந்து கோப்பாகவே வாங்கிவையுங்கள், அவரது நிறுவனம் நாளைக்கு இல்லாமல் போகலாம். இனித் தேவைப்படாத கண்காணிப்புக் கிணறுகளை அப்படியே விட்டுவிடாமல் பென்டோனைட் களிமண் அல்லது சிமெண்ட் கலவை இறக்கி முறைப்படி மூடச் சொல்லுங்கள். மூடாத கிணறு, மேலே சிந்தும் எதையும் நேராக நிலத்தடி நீருக்கு இறக்கிவிடும்.